ரிமோட் சப்போர்ட் முடிந்த பிறகும் உங்கள் லேப்டாப் கதவு திறந்தே இருக்கிறதா? 'டீஃபால்ட்' செட்டிங்ஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

திங்கட்கிழமை காலை 10 மணி. மீட்டிங் தொடங்க இன்னும் 15 நிமிடம்தான். விபிஎன் கனெக்ட் ஆகவில்லை. ஐடி டீமுக்கு டிக்கெட் போடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் போன் வருகிறது.

"ஸ்கிரீன்ல ஒரு நம்பர் தெரியும் பாருங்க, அதைச் சொல்லுங்க."

சொல்கிறீர்கள். "இப்ப ஒரு விண்டோ வரும், அக்செப்ட் கொடுங்க." கொடுக்கிறீர்கள். மவுஸ் தானாக நகர்கிறது. ஐந்து நிமிடத்தில் விபிஎன் ரெடி. "தேங்க்ஸ் ப்ரோ" என்று போனை வைத்துவிட்டு மீட்டிங்குக்கு ஓடுகிறீர்கள்.

வந்தவர் போய்விட்டார். அவர் வந்த வழி மூடியிருக்கிறதா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

நானும் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல்முறையாக என் சொந்த லேப்டாப்பில் தேடினேன். ஏதோ ஒரு பிரிண்டர் பிரச்சினைக்காக இரண்டு வருடத்துக்கு முன்பு இன்ஸ்டால் செய்த ஒரு ரிமோட் சாஃப்ட்வேர் அப்படியே இருந்தது. லேப்டாப்பை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் அதுவும் கூடவே ஆன் ஆகியிருக்கிறது. பிரிண்டரை எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. அதை அப்படி ஓட விடச் சொல்லி நான் எந்த பட்டனையும் அழுத்தியதாக நினைவில்லை. அழுத்தத் தேவையும் இருக்கவில்லை. அதுதான் டீஃபால்ட்.

டீஃபால்ட் என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு சக்தி?

நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டால் எது நடக்குமோ, அதுதான் டீஃபால்ட் செட்டிங். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் அதை மாற்றுவதில்லை என்பதால், அந்தப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டவர்தான் நமக்காக முடிவெடுக்கிறார்.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் ஓர் உதாரணம், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாதது. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் 'சயின்ஸ்' இதழில் ஐரோப்பிய நாடுகளின் உறுப்பு தான ஒப்புதல் விகிதங்களை ஒப்பிட்டார்கள். ஜெர்மனியில் 12 சதவீதம். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புகிறவர் முன்வந்து பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரியாவில் விருப்பம் இல்லாதவர்தான் பதிவு செய்ய வேண்டும். மொழியும் பண்பாடும் நெருக்கமான இரண்டு நாடுகளுக்கு இடையே இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கியதில் ஃபார்மின் டீஃபால்ட்டுக்குப் பெரிய பங்கு இருந்தது என்பதே அவர்களின் முடிவு.

சாஃப்ட்வேரிலும் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறோம். ஜூம் மீட்டிங்குகளில் தினமும் பங்கேற்றவர்கள் 2019 டிசம்பரில் சுமார் 1 கோடி என்றும், 2020 மார்ச்சில் அது 20 கோடி ஆனது என்றும் அந்த நிறுவனம் சொன்னது. கூடவே, அழைக்காத ஆட்கள் மீட்டிங்குக்குள் புகுந்து ஆபாசப் படம் காட்டும் தொல்லையும் வந்தது. மீட்டிங் பாஸ்வேர்டு, வெயிட்டிங் ரூம் இரண்டும் ஜூமில் முன்பே இருந்தவைதான். பலருடைய கணக்கில் அவை ஆன் ஆகவில்லை, அவ்வளவுதான். 2020 ஏப்ரல் 5 முதல் இலவசக் கணக்குகளுக்கு அவை டீஃபால்ட்டாக ஆன் செய்யப்பட்டன. இந்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் ஒருங்கிணைப்பு மையம் அதே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பெரும்பகுதி, எந்த செட்டிங்கை எப்படி மாற்ற வேண்டும் என்ற பட்டியல்தான்.

இனி ரிமோட் சப்போர்ட்டுக்கு வருவோம். எந்தக் கருவியாக இருந்தாலும் அதன் டீஃபால்ட்டுகளை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. யார் உள்ளே வரலாம்?

ரிமோட் கருவிகளில் இரண்டு வகை அனுமதி உண்டு. ஒன்று, நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அக்செப்ட் கொடுத்தால்தான் உள்ளே வர முடியும் என்பது. இன்னொன்று, நீங்கள் இல்லாதபோதும் ஒரு பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரலாம் என்பது. இரண்டாவதை 'அன்அட்டெண்டட் ஆக்சஸ்' என்பார்கள். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது தேவை. உங்கள் சொந்த லேப்டாப்புக்கு அநேகமாகத் தேவையே இல்லை.

இன்ஸ்டால் செய்வதற்கும், ஒரு தடவை மட்டும் ஓட விடுவதற்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை இன்ஸ்டால் செய்யாமலே ஓட விடும் வடிவம் உண்டு. அந்த விண்டோவை மூடினால் கதை முடிந்தது. இன்ஸ்டால் செய்துவிட்டால், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் பின்னணியில் காத்திருக்கும். எனிடெஸ்க்கில் 'இன்டராக்டிவ் ஆக்சஸ்' என்ற செட்டிங்கின் டீஃபால்ட், எப்போதும் அனுமதி என்பதுதான். அதாவது, உங்கள் நம்பர் தெரிந்த யாரும் உங்கள் ஸ்கிரீனில் அக்செப்ட் விண்டோவை வரவழைக்கலாம். கதவைத் திறப்பது நீங்கள்தான், ஆனால் காலிங் பெல் ஊருக்கே பொது. எனிடெஸ்க் விண்டோ திறந்திருக்கும்போது மட்டும் அனுமதி என்ற ஆப்ஷனும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

ஒப்பிட்டுப் பார்க்க, விண்டோஸின் சொந்த 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதி டீஃபால்ட்டாக ஆஃப். வேண்டுமென்றால் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும்.

2. உள்ளே வந்தவர் எதையெல்லாம் தொடலாம்?

ரிமோட் சப்போர்ட் என்றதும் ஸ்கிரீனும் மவுஸும்தான் நமக்குத் தோன்றும். ஆனால் கிளிப்போர்டு, ஃபைல்கள், பிரிண்டர், ஆடியோ எல்லாமே தனித்தனி அனுமதிகள். பல கருவிகளில் இவற்றில் சில முன்கூட்டியே ஆன் ஆகியிருக்கும்.

கிளிப்போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்ப்யூட்டர்களின் கிளிப்போர்டும் இணைந்திருந்தால், நீங்கள் இங்கே காப்பி செய்வது அங்கேயும் போய்ச் சேரும். செஷன் நடந்துகொண்டிருக்கும்போது பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து நீங்கள் ஒரு பாஸ்வேர்டை காப்பி செய்தால், ஸ்கிரீனில் அது புள்ளிகளாகத்தான் தெரியும். கிளிப்போர்டில் எழுத்து எழுத்தாக இருக்கும்.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் ஆப்பைத் திறந்து 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தைப் பாருங்கள். பிரிண்டர், கிளிப்போர்டு இரண்டுக்கும் ஏற்கெனவே டிக் இருக்கும். இந்த டீஃபால்ட்டுகள் ஆபத்தாகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே பின்னர் கருதியது. புதிதாக உருவாக்கப்படும் விண்டோஸ் 365 கிளவுட் பிசிக்களில் கிளிப்போர்டு, டிரைவ், யுஎஸ்பி, பிரிண்டர் பகிர்வை டீஃபால்ட்டாக ஆஃப் செய்யப்போவதாக 2025இல் அறிவித்தது.

போனிலும் இந்த மாற்றம் வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 15இல் ஸ்கிரீனைப் பகிரும்போது நோட்டிஃபிகேஷன் உள்ளடக்கத்தையும் ஓடிபியையும் எதிர்முனைக்குத் தெரியாமல் மறைக்கும் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பழைய ஆண்ட்ராய்டில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

3. எப்போது முடிகிறது?

நாம் அதிகம் மறப்பது இதைத்தான். சில கருவிகள் தாமாகவே முடித்துவைக்கின்றன. குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒருவருக்கு உதவி கேட்டு ஸ்கிரீனைப் பகிர்ந்தால், தரும் கோட் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அதோடு ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும், தொடரலாமா என்று உங்களைக் கேட்கும். விண்டோஸின் 'குவிக் அசிஸ்ட்'டிலும் ஒவ்வொரு முறையும் புது கோட்தான். விண்டோவை மூடினால் தொடர்பு போய்விடும்.

வேறு சிலவற்றில் இணைப்பு துண்டிக்கப்பட்டாலும், சாஃப்ட்வேர், செட் செய்த பாஸ்வேர்டு, கொடுத்த அனுமதி எல்லாம் அப்படியே இருக்கும். மேக்கில் ஸ்கிரீன் ரெக்கார்டிங், அக்செஸிபிலிட்டி என்று கொடுத்த அனுமதிகளை நீங்கள் போய் எடுத்துவிட வேண்டும்.

சரி, ஐடி டீம் ஏன் இதையெல்லாம் சரியாக வைத்திருக்கக் கூடாது?

இந்தக் கேள்வியை அவர்கள் பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும். டீஃபால்ட்டுகளால் தினமும் அதிகம் அவதிப்படுவது அவர்கள்தான்.

ஓர் உதாரணம். உங்கள் லேப்டாப்பில் ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்ய அவர் முயல்கிறார். மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும், திரை மங்கும். அந்தக் கேள்வி தனிப் பாதுகாப்பான திரையில் வருவதால் குவிக் அசிஸ்ட் போன்ற கருவிகளில் எதிர்முனைக்குத் தெரியாது. அவருக்கு வெறும் கறுப்பு. "யெஸ்னு ஒண்ணு வந்திருக்கும், அமுக்குங்க." "அது அட்மின் பாஸ்வேர்டு கேக்குது சார்." இரண்டு பேரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேக் என்றால் வேறு மாதிரி. கனெக்ட் ஆனதும் அவருக்கு உங்கள் வால்பேப்பர் மட்டும் தெரியும். ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த அனுமதியை அவர் தூரத்திலிருந்து கொடுக்க முடியாது, நீங்கள்தான் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும்.

கீபோர்டு இன்னொரு தலைவலி. இந்தியாவில் நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது அமெரிக்க லேஅவுட். எதிர்முனைக் கம்ப்யூட்டர் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செட் ஆகியிருந்தால், ஷிஃப்ட்டோடு 2ஐ அழுத்தும்போது ஈமெயிலில் வரும் 'அட்' குறிக்குப் பதிலாக மேற்கோள் குறி விழும். பாஸ்வேர்டு பெட்டியில் என்ன விழுகிறது என்று கண்ணுக்கும் தெரியாது. சில தடவை தப்பாகப் போட்டால் அக்கவுண்ட் லாக்.

இவற்றில் முதல் இரண்டும் உங்களைப் பாதுகாப்பதற்காகவே வைத்த தடைகள். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது டிக்கெட் முடிக்க வேண்டியவருக்கு அது பாதுகாப்பாகத் தெரியாது, தொல்லையாகத்தான் தெரியும். அதனால் அவர் குறுக்கு வழி தேடுகிறார். அந்தப் பாதுகாப்புத் திரையையே ஆஃப் செய்கிறார். கருவியை முழு அனுமதியோடு நிரந்தரமாக இன்ஸ்டால் செய்கிறார். எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கிறார். அதை நோட்பேடில் எழுதி காப்பி, பேஸ்ட் செய்கிறார். ஒரு நாள் அவசரத்துக்காகச் செய்த ஏற்பாடு, யாரும் திருப்பி மாற்றாததால் அந்த ஆஃபீஸின் புது டீஃபால்ட் ஆகிவிடுகிறது.

பாதுகாப்பான டீஃபால்ட் எரிச்சல் தருவதால் உடனே கழற்றப்படுகிறது. ஆபத்தான டீஃபால்ட் யாரையும் தொந்தரவு செய்யாததால் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமலே இருக்கிறது.

கருவிகளைத் தயாரிப்பவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ரிமோட் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுப்பது உதவி செய்யும் டீம். அவர்களுக்கு வேண்டியது சீக்கிரம் கனெக்ட் ஆவது. உதவி பெறும் நீங்கள் வாடிக்கையாளரே இல்லை, உங்கள் ஸ்கிரீன்தான் அங்கே இருக்கிறது. டீஃபால்ட் யார் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனால் உண்மையிலேயே என்ன நடந்திருக்கிறது?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் உள்ள ஓல்ட்ஸ்மார் என்ற சிறு நகரத்தின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஸ்கிரீனில் மவுஸ் தானாக நகர்வதை ஓர் ஊழியர் பார்த்தார். தண்ணீரில் சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு 100 பிபிஎம்மில் இருந்து 11,100 பிபிஎம் என மாற்றப்பட்டிருந்தது. அவர் உடனே பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டதால் ஆபத்து இல்லை. வெளியாள் புகுந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். ஊழியர் யாராவது தவறுதலாக மாற்றியிருக்கலாம் என்று அந்நகரின் முன்னாள் நிர்வாகி ஒருவர் 2023இல் சொன்னார். எது உண்மையாக இருந்தாலும், சம்பவத்துக்குப் பிறகு வந்த அரசு எச்சரிக்கைக் குறிப்பில் இருந்த விவரம் போதும்: அந்த நிலையத்தின் கம்ப்யூட்டர்களில் டீம்வியூவர் இருந்தது, ரிமோட் ஆக்சஸுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு.

கேட்டுத்தான் உள்ளே வரும் கருவியும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. 2024 மே மாதம், குவிக் அசிஸ்ட்டை மோசடிக் கும்பல் ஒன்று பயன்படுத்துவதாக மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. முதலில் ஒருவருடைய இன்பாக்ஸைத் தேவையற்ற மெயில்களால் நிரப்புவார்கள். பிறகு ஐடி டீம் பேசுவதாகச் சொல்லி போன் செய்து, "சரிசெய்து தருகிறோம், குவிக் அசிஸ்ட் ஓப்பன் பண்ணுங்க" என்பார்கள். கடைசியில் ரான்சம்வேர் இறங்கும். குவிக் அசிஸ்ட் விண்டோஸ் 11இல் டீஃபால்ட்டாகவே இருப்பதால், எதையும் டவுன்லோட் செய்யச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. பயன்படுத்தாத நிறுவனங்கள் அதை நீக்கிவிடலாம் அல்லது பிளாக் செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது.

இந்தியாவில் இந்த எச்சரிக்கை அதற்கும் முன்பே வந்தது. 2019 பிப்ரவரியில், எனிடெஸ்க்கை இன்ஸ்டால் செய்ய வைத்து, அதில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, யுபிஐ மூலம் பணத்தை எடுக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. அந்த ஆப்பில் கோளாறு எதுவும் இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது, வேறு ஒருவருக்காக.

பணம் போனால் பொறுப்பு யாருக்கு?

இங்கேதான் ஒரு அக்செப்ட் பட்டனின் விலை தெரியும். மின்னணுப் பரிவர்த்தனை மோசடியில் வாடிக்கையாளரின் பொறுப்பு பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, மூன்றாவது இடத்தில் என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. ஆனால் பாஸ்வேர்டு, ஓடிபி போன்ற விவரங்களைப் பகிர்ந்தது மாதிரியான உங்கள் கவனக்குறைவால் நடந்தது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன முழு இழப்பும் உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

ஸ்கிரீனை நீங்களே திறந்து கொடுத்திருக்கும்போது, இது கவனக்குறைவு என்று வாதிடுவது வங்கிக்குச் சுலபம். அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசு. சந்தேகம் வந்தால் முதலில் நெட்டை ஆஃப் செய்யுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

அப்போ, இன்றைக்கே என்ன செய்யலாம்?

சொந்த லேப்டாப் என்றால்:

• செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாத ரிமோட் கருவிகளை நீக்குங்கள். அடுத்த முறை தேவைப்பட்டால் இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் வடிவமே போதும்.

• வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், அன்அட்டெண்டட் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். விண்டோஸோடு தானாக ஆன் ஆவதை நிறுத்துங்கள். இரண்டு கட்ட சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

• அக்செப்ட் விண்டோவில் இருக்கும் அனுமதிகளை ஒரு தடவை படியுங்கள். ஸ்கிரீனை மட்டும் பார்த்தால் போதும் என்றால் அதை மட்டும் கொடுங்கள். கிளிப்போர்டு, ஃபைல் பகிர்வு டிக்குகளை எடுத்துவிடலாம்.

• செஷனுக்கு முன்பு வங்கி டேப், மெயில், பாஸ்வேர்டு மேனேஜர் எல்லாவற்றையும் மூடுங்கள்.

• மேக் என்றால், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் ஸ்கிரீன் ரெக்கார்டிங், அக்செஸிபிலிட்டி பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆஃபீஸ் லேப்டாப் என்றால் எதையும் நீங்களாக நீக்காதீர்கள். அது நிறுவனத்தின் கருவியாக இருக்கலாம். ஆனால் மூன்று கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது: நான் இல்லாதபோது யாராவது உள்ளே வர முடியுமா? வந்தால் எனக்குத் தெரியுமா? யார், எப்போது வந்தார்கள் என்ற பதிவு இருக்கிறதா? மூன்றாவது கேள்வி சும்மா இல்லை. கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

ஐடி டீம் என்று யாராவது அவர்களாகவே அழைத்தால், போனை வைத்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த நம்பரில் திரும்பக் கூப்பிடுங்கள். உண்மையான ஆளாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் ஐடி டீம் நீங்கள்தான். பெங்களூரிலோ புனேயிலோ உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கும் அப்பாவின் லேப்டாப்பில் அவசரத்துக்கு ஒரு ரிமோட் கருவியை இன்ஸ்டால் செய்து, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபமாக ஒரு பாஸ்வேர்டும் வைத்தது யார் என்று யோசியுங்கள். அவருடைய வங்கிக் கணக்கும் பென்ஷனும் அதே லேப்டாப்பில்தான் இருக்கின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது, "அப்பா, அந்த ஆப் இன்னும் இருக்கா பாருங்க" என்று கேளுங்கள். இருந்தால், கடைசியாக ஒரு முறை அதே வழியாக உள்ளே போய், அதை எடுத்துவிட்டு வாருங்கள்.